குக்கர் பக்கத்தில் யார் நிற்பது?

1. முதல் நாள் பாடம்

ஏற்காட்டில் அந்தக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என்னை விற்பனைப் பக்கம் நிறுத்தவில்லை. கடையின் கோடியில், பிளாஸ்டிக் குடங்களுக்குப் பின்னால் கிடந்த ஒரு சின்ன மேசையைக் காட்டி, "இதுதான் உன் எடம் கண்ணு" என்றார். மேசைமேல் 'சர்வீஸ்' என்று எழுதிய அட்டை நின்றது. வேறு எதுவும் இல்லை. ஒரு ஸ்க்ரூடிரைவர்கூடக் கிடையாது.

"எனக்கு ரிப்பேர் வேலை தெரியாதுங்களே" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா உன்னை எடுத்திருக்கவே மாட்டேன். உன் மூஞ்சிக்காகத்தான் எடுத்தேன். எழவு ஊட்டுக்கு வந்தவனாட்டம் இருக்குது. வாங்கின சாமானைத் திருப்பிக் கொண்டாறவங்களுக்கு அந்த மூஞ்சிதான் வேணும்."

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. முதலாளியின் பிள்ளைகள் இன்னும் வியாபாரத்தில்தான் இருக்கிறார்கள். பாத்திரம், கம்பளி, குடை, கடிகாரம், அயர்ன் பாக்ஸ் என்று மலையில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். எழுபதுகளின் கடைசியில் நான் சேர்ந்தபோது எஸ்டேட்காரர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், ஓட்டல் ஆட்கள் எல்லாரும் அங்கேதான் வாங்குவார்கள். டூரிஸ்ட்டுகளால் எங்களுக்குத் தொந்தரவு இல்லை. பொருள் கெட்டுப்போவதற்குள் அவர்கள் மலை இறங்கியிருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள்தான் திரும்பி வருவார்கள். அவர்களைச் சமாளிக்கத்தான் நான்.

முதலாளி எனக்கு அரைமணி நேரம் பயிற்சி கொடுத்தார். "வந்தவுடனே உக்கார வை. டீ சொல்லு. கையில சூடா டம்ளர் வெச்சிருக்கறவன் மேசையைத் தட்ட மாட்டான். கரண்டுச் சாமானா இருந்தா வோல்டேஜ்னு சொல்லு. கரண்டு இல்லாத சாமானா இருந்தா பனின்னு சொல்லு. இது ரெண்டுக்கும் அடங்காதவங்ககிட்ட, கம்பெனிக்கு எழுதியிருக்குதுன்னு சொல்லு."

"எந்தக் கம்பெனிக்குங்க?"

"அதையெல்லாம் அவங்களே கேக்க மாட்டாங்க. நீ ஏன் கேக்கற?"

தொழில் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. ஒரு பள்ளிக்கூட டீச்சர், வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத குடை ஒழுகுகிறது என்று நனைந்த தலையோடு வந்தார். முதலாளி குடையை விரித்துப் பார்த்தார். "இது வெயில் குடைங்க டீச்சர். மழையில பிடிக்கலாமுங்களா?" என்றார். ஏற்காட்டில் எத்தனை நாள் வெயில் அடிக்கும் என்று டீச்சர் கேட்கவில்லை. தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு போனார். சுவர்க்கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று வந்த ஓட்டல் மேனேஜரை நானே அனுப்பிவைத்தேன். "மலைமேல எல்லாமே கொஞ்சம் நிதானந்தானுங்களே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அன்று முதலாளி எனக்கு ஒரு டீ சொன்னார். அதை நான் விருதாக எடுத்துக்கொண்டேன்.

இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. இன்று இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. டீச்சருக்கு வந்திருக்காது.

2. அலங்கார வேலை

எண்பதுகளின் கடைசியில் சேலத்திலிருந்து பெரிய குக்கர்கள் சாக்கில் கட்டி வந்தன. பெட்டி இல்லை, பெயர் இல்லை. எஸ்டேட் கேன்டீன், ஹாஸ்டல் போன்ற இடங்களுக்கு ஏற்ற பெரிய சைஸ். கூடவே அச்சகத்திலிருந்து ஒரு தாள்கட்டு வந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை வரிசை வரிசையாக அச்சடித்திருந்தது. கடை மூடும் முன்பு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெட்டி, பசை தடவி, குக்கரின் வயிற்றில் ஒட்டுவது என் வேலை. இதற்கு முதலாளி வைத்த பெயர் 'அலங்காரம்'.

"தப்பில்லீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பொண்ணுக்குப் பொட்டு வெக்கறதில்லையா? அது மாதிரிதான்."

ஒட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். குக்கர் மூடியில் விசில் வெயிட்டுக்குப் பக்கத்தில் சேஃப்டி வால்வு என்று ஒன்று இருக்கும். உள்ளே ஆவி அளவுக்கு மிஞ்சினால் அது உருகி வழிவிட வேண்டும். இந்தக் குக்கர்களில் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டையான ஆணியை அடித்து, மேலே வெள்ளிப் பூச்சு பூசியிருந்தார்கள். மூடியைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். நான் திருப்பிப் பார்த்தேன். பிறகு நேராக வைத்துவிட்டு, அடுத்ததற்குப் பசை தடவினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

3. வோல்டேஜ் இல்லாத அடுப்பு

ஒரு காலை நேரம், பிலோமினா என்ற பெண்மணி அரிசிச் சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். நாற்பது வயது இருக்கும். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு மிஷன் ஹாஸ்டலில் சமையல்காரி. சாக்கைக் கவிழ்த்தார். நசுங்கிய குக்கர் மூடி மேசைமேல் விழுந்தது. பின்னாலேயே உடைந்த கைப்பிடியும், காய்ந்த பருப்பும்.

"பருப்பு வெச்சிருந்தனுங்க தம்பி. கீரை அலசிட்டு வாசப்படி ஏறறேன், டமார்னு மூடி பறந்து கூரையில அடிச்சிருச்சு. கூரை ஓட்டையாப் போச்சுங்க."

நான் முகத்தை இழவு வீட்டுக்கு ஏற்ப வைத்துக்கொண்டு, "உக்காருங்க, டீ சாப்பிடுங்க" என்றேன். பிறகு பழக்கதோஷத்தில், "உங்க பக்கம் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி எறங்குமுங்களே" என்றேன்.

"ஏனுங்க, அது வெறகு அடுப்புங்க."

"அப்ப பனியா இருக்குமுங்க. பனியில கேஸ்கட் இறுகிப் போயிடும்."

"அடுப்புக்குள்ளயுங்களா பனி பெய்யுது?"

நான் அவர் கையில் டீ டம்ளரைக் கொடுத்தேன். அவர் இடுப்பில் செருகியிருந்த பில்லை எடுத்து நீட்டினார். 'ஐ.எஸ்.ஐ. குக்கர், பெரியது, ஒன்று' என்று இருந்தது. என் கையெழுத்து. கூரையை முட்டிய குக்கரின் பில்லை அவர் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். எனக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது. எங்கள் கடையில் பில்லைப் பத்திரப்படுத்துகிறவர்களைப் பார்த்தால் முதலாளிக்குப் பிடிக்காது.

முதலாளி வந்தார். மூடியைப் பார்த்ததும் நிலைமை அவருக்குப் புரிந்துவிட்டது. "அட, இதுக்கென்னம்மா! புதுசு ஒண்ணு எடுத்துட்டுப் போ" என்றார்.

"புதுசு வேண்டாமுங்க. எனக்கு ஒரு வரி எழுதித் தாங்க."

"என்ன வரி?"

"குக்கர்லதான் கோளாறு, சமையல்காரி மேல தப்பு இல்லைன்னு. வார்டன் அம்மா, நான் வெயிட்டைக் கழுவாம வெச்சதாலதான் வெடிச்சுதுன்னு மேலிடத்துக்கு எழுதப் போறாங்க. ஐ.எஸ்.ஐ. போட்ட குக்கர் தானா வெடிக்குமான்னு கேக்கறாங்க. எனக்கு வேலை போயிருமுங்க."

முதலாளி இரண்டு குக்கர் தருவதாகச் சொன்னார். ஒரு கம்பளியும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எழுத மட்டும் மாட்டேன் என்றார். ஐந்து வருட கேரண்டி கார்டில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் மனிதர் அவர். அந்த ஒரு வரிக்கு அவருடைய பேனா நகரவில்லை. பிலோமினா போன பிறகு என்னிடம் சொன்னார்: "சாமான் குடுத்தா ஒருத்தரோட போயிரும் கண்ணு. எழுதிக் குடுத்தா ஊரே படிச்சுட்டு வரும்."

4. தேர் முடியட்டும்

அதற்குப் பிறகு அவர் நான்கு தடவை வந்தார். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

"தேரு முடிஞ்சு வாம்மா, பார்க்கலாம்" என்றார் முதலாளி.

"நான் வேதக்காரிங்க. எனக்குத் தேரு இல்லீங்களே."

"அப்படின்னா கிறிஸ்மஸ் முடிஞ்சு வா."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாக நின்றார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஐந்தாவது தடவை அவர் வரவில்லை. தபால் வந்தது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சேலத்தில் அதற்கென்று மன்றம் திறந்திருந்தார்கள். வக்கீல் தேவையில்லை, வெறும் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும் என்று ஹாஸ்டலில் கணக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் ஒருவர் பேப்பரில் படித்துச் சொல்லியிருக்கிறார். பிலோமினா எழுதிப் போட்டுவிட்டார்.

நோட்டீஸைப் படித்து முதலாளி சிரித்தார். "ஒரு குக்கருக்கு மூணு ஜட்ஜாம்! சமையல்காரிக்குக் கோர்ட்டு கேக்குது." சிரித்து முடித்ததும் வக்கீலுக்குப் போன் போட்டார். வக்கீல் எனக்காக ஒரு வாக்குமூலம் தயார் செய்தார். குக்கரைப் பயன்படுத்தும் முறையை நான் அந்த அம்மாவுக்கு அரைமணி நேரம் விளக்கியதாகவும், அவர் கவனிக்கவில்லை என்றும் அதில் இருந்தது. எனக்கே அது தெரியாது. படித்துத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன்.

5. இருபது வளைவு

விசாரணை நாளன்று முதலாளியும் வக்கீலும் காரில் போனார்கள். சாட்சியான நான் பஸ்ஸில். ஏறிப் பார்த்தால் இருந்த ஒரே காலி இடம் பிலோமினாவுக்குப் பக்கத்தில். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஐந்தாறு வளைவு தாண்டியதும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். "மோந்து பாருங்க தம்பி. எனக்கு எதிரா சாட்சி சொல்லறதுக்காவது தெம்பு வேணுமில்லைங்க." கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால்தான் சுருக்கென்று இருந்தது.

பழத்தை நீட்டிய கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் உரிந்து, புதுத் தோல் வெளுப்பாக ஏறியிருந்தது.

"இது என்னங்க?"

"பருப்பு தெறிச்சதுங்க."

"கடைக்கு வந்தப்ப சொல்லவே இல்லீங்களே."

"நீங்க கேக்கவே இல்லீங்களே. வோல்டேஜைத்தானே கேட்டீங்க."

அன்று அவர் சேலைத் தலைப்பால் கையைச் சுற்றியிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தக் கையில்தான் நான் டீ டம்ளரைக் கொடுத்திருக்கிறேன்.

மகள் அதே ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள் என்றார். அம்மா சமைப்பதால் அவளுக்குச் சாப்பாடும் இடமும் இலவசம். அம்மாவுக்கு வேலை போனால் மகளுக்குப் படிப்பும் போகும். "அவளும் வெளிய சாப்பாட்டு வரிசையிலதானுங்க தட்டோட நின்னுட்டிருந்தா. பத்து நிமிசம் கழிச்சு வெடிச்சிருந்தா சமையக்கட்டுல முப்பது பொண்ணுங்க."

மிச்ச வளைவுகளில் நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தேன். குமட்டல் போகவில்லை.

6. வேப்பமரத்தடி

மன்றத்தின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கூட இரண்டு உறுப்பினர்கள். அதில் ஒருவர் காலேஜில் பாடம் எடுக்கும் பெண்மணி. எங்கள் வக்கீல் எழுந்தார். மலைமேல் காற்றழுத்தம் குறைவு, அதைச் சமையல்காரி கணக்கில் எடுக்கவில்லை என்று விஞ்ஞானம் பேசினார்.

தலைவர் கேட்டார்: "அப்படியானால் ஏற்காட்டில் ஏன் விற்றீர்கள்?"

வக்கீல் விஞ்ஞானத்தை மடித்து வைத்துவிட்டு, அதே சரக்கில் வந்த புதுக் குக்கர் ஒன்றை மேசைமேல் வைத்தார். அது என் கைவேலை. முத்திரை பளிச்சென்று இருந்தது.

பெண் உறுப்பினர் அதைத் தூக்கிப் பார்த்தார். "இது நல்லா வேலை செய்யுமா?"

"நூறு வருசம் செய்யுமுங்கம்மா" என்றார் முதலாளி.

"அப்போ தண்ணி ஊத்தி அடுப்புல வெச்சுக் காட்டுங்களேன்."

கட்டடத்துக்குள் வேண்டாம் என்று தலைவர் சொன்னதால், வாசலில் வேப்பமரத்தடியில் ஏற்பாடு ஆனது. டீக்கடையிலிருந்து பம்ப் ஸ்டவ் வந்தது. பிலோமினா குக்கரில் தண்ணீர் ஊற்றி மூடினார். பிறகு தலைவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அய்யா, ஒரே ஒரு வேண்டுதலுங்க. கடைக்காரங்க கொஞ்சம் பக்கத்துல நிக்கட்டுங்க. பொண்ணுங்களுக்குச் சோறாக்கறப்ப நான் நிக்கற தூரத்துல."

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

"எனக்கு பி.பி. இருக்குதுங்க. சூடு ஆகாது" என்றார் முதலாளி. வக்கீல், தான் சட்டம் பேச மட்டுமே வந்திருப்பதாகத் தெரிவித்து, ஃபைலோடு படிக்கட்டுக்குப் போனார். நூறு வருடம் உழைக்கும் குக்கரைச் சுற்றிப் பெரிய வட்டமாக இடம் காலியானது.

"எங்க சர்வீஸ் ஆள் நிப்பாருங்க. அவருக்குத்தான் நொம்ப அனுபவம்" என்று முதலாளி என்னைக் காட்டினார்.

நின்றேன். கையெட்டும் தூரம். ஸ்டவ் இரைந்தது. கொஞ்ச நேரத்தில் மூடிக்குள் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. வெயிட் இறுக்கமாகச் சிக்கியிருந்தது, ஆடவில்லை. விசில் வரவேண்டிய நேரம் வந்தது, போனது. மூடியின் ஓரம் மெதுவாக முனக ஆரம்பித்தது. நான் அந்த வெள்ளிப் பூச்சு ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்த வாசலில் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அய்யா, அடுப்பை அணைக்கச் சொல்லுங்க" என்றேன். "இதுல சேஃப்டி வால்வே இல்லீங்க. ஆணி அடிச்சு வெச்சிருக்குது. முத்திரை நான் ஒட்டினது. அந்தம்மா மேல எந்தத் தப்பும் இல்லீங்க."

யாரும் அசையவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பிலோமினாதான் நேராக வந்தார். குனிந்து ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டார். "தள்ளி நில்லுங்க தம்பி" என்றார். சாட்சி சொல்ல எனக்குத் தைரியம் வந்தது என்று பிற்பாடு பலர் பாராட்டினார்கள். எனக்கு வந்தது பயம். அடுப்பை அணைத்தவருக்குத்தான் தைரியம்.

7. ஒரு வரி

தீர்ப்பு வந்தது. விற்ற குக்கர்களைத் திரும்பப் பெற வேண்டும், பிலோமினா கேட்ட அந்த ஒரு வரியை எழுத்தில் தர வேண்டும் என்று இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீயே எழுது" என்றார். எழுதினேன். சிறுநீரகத்தைத் தானம் கேட்ட மாதிரி அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "நீ நொம்ப நல்லவனாயிட்ட கண்ணு. நல்லவங்களை வேலைக்கு வெச்சுக்கற வசதி எனக்கில்லை. நாளையிலிருந்து வராத."

பிலோமினாவின் வேலை நிலைத்தது. கடிதத்தைப் படித்த வார்டன், "இதை முன்னாடியே வாங்கிட்டு வந்திருக்கலாமே" என்றாராம்.

குக்கர்களைத் திரும்பப் பெறும் உத்தரவையும் முதலாளி மீறவில்லை. அறிவிப்பு எழுதிக் கடையில் ஒட்டினார். கதவுக்குப் பின்பக்கம் ஒட்டினார். கடை திறந்திருக்கும்போது அது தெரியாது.

வேலையில்லாத ஆளுக்கு நேரம் நிறைய இருந்தது. யார் யாருக்கு விற்றோம் என்பது நினைவில் இருந்ததால், நானே ஒவ்வொரு இடமாகப் போனேன். கொட்டச்சேட்டில் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். வேலையாட்களுக்குச் சமைக்க அந்தக் குக்கரை வாங்கியவர் அவர். அவர் நம்பவில்லை. குக்கரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ஏனுங்க, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்குது பாருங்க."

"அந்த முத்திரையை ஒட்டினவனே நான்தானுங்க."

"ஒட்டறவனுக்கு என்னங்க தெரியும்? அதெல்லாம் கவர்மென்ட்டு கொடுக்கறது."

நகத்தால் சுரண்டினேன். முத்திரை முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அவர் முகம் சிவந்தது. "நல்ல குக்கரைக் கெடுத்துட்டீங்களே!" என்று எனக்கு வாசலைக் காட்டி அனுப்பிவிட்டார்.

நான் பஸ்ஸுக்கு நின்றபோது அவர் மனைவி துணியில் சுற்றிய குக்கரோடு வேகமாக வந்தார். மூடியைத் திருப்பி ஆணியைப் பார்த்திருக்கிறார்.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்தா கடையில வாங்கிக்குவாங்களாங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் எத்தனையோ பதில்கள் தயாராக இருந்தன. பத்து வருடம் அவற்றைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். அன்று, "வாங்கித்தானுங்க ஆகணும். வாங்கலைன்னா எப்படி எழுதறதுன்னு நான் சொல்லறேன்" என்றேன். பஸ் வரும்வரை உட்கார்ந்து அவர் பெயரில் ஒரு மனு எழுதினோம். நான் எழுதிய முதல் மனு அது. பிறகு ஒரு காப்பி டிப்போவில் குமாஸ்தாவானேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனு எழுதுவது மட்டும் நிற்கவில்லை.

கடைகளில் வேலை பார்க்கும் இன்றைய பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பொருளைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேசைக்கு வருகிறவருக்கு உங்கள்மேல் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருக்கிறது. அது தீர்ந்தவர்கள் வருவதில்லை. டீ அப்புறம் சொல்லலாம். முதலில் அவர் கையைப் பாருங்கள்.